பதினான்காவது கேள்வி

விண்ணப்பத்தில் என் பெயர் ஏறியதற்குக் காரணம் நானல்ல, சனி பகவான். அப்படித்தான் என் வீட்டுக்காரர் சொன்னார்.

தொண்ணூற்றாறாம் வருடம், தை மாதம். மதுக்கரை சிமெண்ட் பாக்டரியில் இருபத்திரண்டு வருடம் பேக்கிங் செக்‌ஷனில் பிட்டராக இருந்தவர், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். பெயர் மருதாசலம். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். முதல் வாரம் வீட்டிலிருந்த இரண்டு சீலிங் பேனையும் கழற்றி மாட்டினார். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு மிக்சி. மூன்றாவது வாரம் பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டார். பனித்துளி ஐஸ்கிரீம் கம்பெனிக்குக் கோவை வட்டாரத்தில் பிரான்சைஸ் எடுத்து நடத்த ஆள் வேண்டுமாம். கம்பெனி சென்னையில். பெயரும் போர்டும் சரக்கும் அவர்களுடையது. இடமும் முதலும் உழைப்பும் நம்முடையது.

"ஜோசியர் அழகிரிசாமியப் பாத்துட்டு வந்தேன். எனக்கு இன்னும் ஒன்றர வருசம் ஏழரைச் சனி இருக்குதாமா. எம் பேர்ல எதத் தொட்டாலும் வெளங்காதுன்னு சொல்லிப்போட்டாரு. உம் பேர்ல போட்டுறலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. லாரியோ தறியோ எதுவானாலும் வீட்டுப் பெண்ணின் ராசியில் எழுதுவார்கள். எழுதுவதோடு சரி. லாரி நெற்றியில் 'மாசாணியம்மன் துணை' என்று எழுதுவது மாதிரிதான். அம்மன் வந்து ஸ்டியரிங் பிடிப்பதில்லை. நானும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

இதில் அவர் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒன்றுதான். இரண்டு பேருமே சென்னைக்காரர்களும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துவிட்டோம். அவர்களுக்கு விண்ணப்பத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஆள். பங்குனி மாதம் ஒரு நீளக் கவர் வந்தது. 'திருமதி ம. பொற்கொடி அவர்கள் காந்திபுரத்தில் நடைபெறும் நேர்காணலுக்கு வரவும். விண்ணப்பதாரர் மட்டும் அனுமதிக்கப்படுவார்.' 'மட்டும்' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தது.

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் பணத்தின் நினைப்பு வந்தது. பாக்டரி கொடுத்த ஓய்வுப் பணத்தை விட்டால் எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது. நாங்கள் காலனிக்காரர்கள். எங்கள் அப்பா அம்மா காலம் வரைக்கும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. அவருடைய பக்கத்திலும் என்னுடைய பக்கத்திலும் கடை என்று ஒன்றை வைத்தவர் ஒருத்தர்கூட இல்லை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல்காரி. கடை எடுத்தால் அந்த வேலையையும் விட வேண்டும். கடை படுத்தால் இரண்டும் போச்சு.

நேர்காணலன்று டவுன் பஸ்ஸில் போகும்போது அவர் விண்ணப்பத்தின் நகலை எடுத்து எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். இருபத்திரண்டு கேள்விகள். என் பெயரில் அவர் எழுதியிருந்த பதில்களை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.

"ஏழாவது கேள்வி. 'தங்களுக்கு எளிதில் கோபம் வருமா?' வராதுன்னு எழுதியிருக்கறேன்."

"ஏனுங்க, என்னையக் கட்டிப் பதினெட்டு வருசமாச்சு. மனசாட்சி வேண்டாமுங்களா?"

"வருமுன்னு எழுதுனாக் குடுப்பாங்களா? சும்மா கேளு. பதினாலு. 'சொந்தமாகக் கடை வைக்காமல் எங்கள் பெயரில் வைக்க விரும்புவது ஏன்?' தங்கள் நிறுவனத்தின் மேல் உள்ள நன்மதிப்பு."

"நெசமாவே எதுக்குங்க? பாலும் சக்கரையும் வாங்கி நாமளே ஒரு பேரு வெச்சுப் போடக் கூடாதுங்களா? உங்களுக்குத்தான் மிசின் வேல தெரியுதே."

அவர் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு சிமெண்ட் லாரியின் தார்ப்பாய்தான் கூடவே வந்துகொண்டிருந்தது.

நேர்காணல் ஒரு லாட்ஜின் மாடியில் நடந்தது. அவர் கீழேயே நின்றுகொண்டார். மேலே மேசைக்குப் பின்னால் இருந்தவர் கலீல் ரஹ்மான், கம்பெனியின் கோவை வட்டார மேனேஜர், வாணியம்பாடிக்காரர். ஐம்பது வயது இருக்கும். உட்காருங்கம்மா என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"கோபம் வராதுன்னு எழுதியிருக்கீங்க."

"வருமுங்க. இப்பக்கூட வந்துட்டுத்தானுங்க இருக்குது."

"யார் மேல?"

"அத எழுதுனவரு மேலதானுங்க."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பேனாவை மூடி வைத்தார். "அப்ப இந்த இருபத்திரண்டு பதிலும் உங்களோடது இல்ல."

"இல்லீங்க. கையெழுத்து மட்டுந்தான் என்னோடது."

அத்தோடு எழுந்து போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "பதினாலாவது கேள்விக்கு 'நன்மதிப்பு'. இத கோயமுத்தூர்ல நாப்பது பேர் எழுதியிருக்காங்க, எழுத்து மாறாம. சரி, இடம் காந்திபுரம்னு போட்டிருக்கீங்க. வீடு மதுக்கரை. அங்க எங்க கடை ஒண்ணுகூட இல்ல. சொந்த ஊர விட்டுட்டு, இருக்கறதுலேயே வாடகை அதிகமான எடத்துல ஏன் கேக்கறீங்க?" என்றார்.

காந்திபுரம் என்று எழுதியிருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாதுங்க என்றேன்.

"நாங்க உங்கள எடுக்கறது பாதிதாம்மா. நீங்க எங்கள எடுக்கலாமா வேணாமாங்கறது மீதி. பணத்தக் கட்டிட்டு அப்புறம் யோசிச்சவங்கள நான் நிறைய பார்த்துட்டேன், அவங்க வீட்டுல போய் பேசவே கூச்சமா இருக்கும். மே மாசம் எங்க காந்திபுரம் கடையில பத்து நாள் வந்து வேலை பாருங்க. அப்புறம் பதினாலாவது கேள்விய மட்டும் திரும்பக் கேக்கறேன். மத்தத விட்டுடலாம்."

பள்ளிக்கூடம் விடுமுறை, சத்துணவுக் கூடமும் பூட்டியிருந்தது. சித்திரை வெயிலில் பத்து நாளும் காலை ஒன்பது மணிக்குக் காந்திபுரத்தில் இறங்கினேன். அந்தக் கடையின் உரிமையாளர் வெள்ளியங்கிரி. சாந்தமான ஆள், ஆனால் கடையில் இருக்க மாட்டார். காலையில் வந்து கடையைத் திறந்து வைத்துவிட்டு, பொழுதோட வந்து பூட்டுவார். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் அவர் போட்டோ பிரேம் போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே 'இக்கடையின் உரிமையாளர் கு. வெள்ளியங்கிரி, காந்திபுரம். குறையிருந்தால் இவரிடம் கூறவும்' என்று அச்சடித்திருந்தது. எல்லாக் கடையிலும் அப்படி மாட்ட வேண்டும் என்பது கம்பெனி சட்டமாம்.

முதல் நாள் சாயங்காலம் சோறு போடும்போது இதை இவரிடம் சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"போட்டோவா? எதுக்குப் போட்டோ? போர்டுல கம்பெனி பேருதான இருக்கும்?"

"போர்டுல கம்பெனி பேரு. உள்ள நம்ம பேரும் ஊரும் போட்டோவும்."

"அப்புடியா" என்றார். மறுசோறு வாங்காமல் எழுந்துவிட்டார். பெண்டாட்டி படத்தை ஊரார் பார்க்கும்படி மாட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தை ஒழித்துப் போட்டேன்.

வேலை எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கரண்டியைத் தண்ணீரில் நனைத்து, துடைத்து, ஒரே இழுப்பில் உருண்டையாக எடுக்க வேண்டும். ஒரு உருண்டை அறுபத்தைந்து கிராம், பக்கத்திலேயே குட்டித் தராசு. நூற்று அறுபது பிள்ளைகளுக்கு ஏழு வருடம் சாம்பார் ஊற்றின கை. இரண்டாம் நாளே தராசு முள் சொன்ன இடத்தில் நின்றது. கரண்ட் போனால் ஐஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. திரும்ப வந்ததும் ஐஸ்கிரீமின் ஓரத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். இளகி மறுபடி உறைந்திருந்தால் நாக்கில் நறநறவென்று ஐஸ் படும். அதை விற்காமல் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதற்குத்தான் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கொட்டினேன்.

இன்னொன்றும் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற கூட்டம் போர்டைப் பார்த்து வந்தது, தின்றது, போனது. திரும்பி வந்த முகங்கள் குறைவு. ஒரு கப் கசந்தது என்று ஒருத்தர் சத்தம் போட்ட அன்று, குறையைக் கேட்க வேண்டிய உரிமையாளர் படத்தில் மட்டும் இருந்தார். நான்தான் புதுக் கப் எடுத்துக் கொடுத்து, அவர் பேசியதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஏழாவது கேள்விக்கு என் வீட்டுக்காரர் எழுதின பொய்யை ஒரு நாளைக்காவது உண்மையாக்கினேன்.

ஏழாம் நாள் மத்தியானம் சுப்பாத்தாள் வந்தார்.

எங்கள் அம்மா களை வெட்டிய தோட்டம் அவர்களுடையது. பண்ணாடிச்சி என்றுதான் எங்கள் தெருவே அவரைக் கூப்பிடும். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்திருந்தார்கள் போல. கையில் பெரிய பெரிய ஜவுளிப் பை, கூடவே இரண்டு பேரப்பிள்ளைகள். போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து பேனுக்குக் கீழே உட்கார்ந்தார். பிள்ளைகள் சாக்லேட் கோன் கேட்டார்கள். எடுத்தேன், நிறுத்தேன், கொடுத்தேன். கம்பெனித் தொப்பி என் நெற்றி வரைக்கும் இறங்கியிருந்தது.

"எனக்கு மெத்துனு ஏதாச்சும் ஒண்ணு குடும்மா. வெள்ளையா இருக்குமே, அது" என்றார். வெனிலா கப்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மரக் கரண்டியைக் கையில் எடுத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்புள்ள, நீ ரங்கம்மா மக பொற்கொடியல்ல?"

"ஆமாங்க பண்ணாடிச்சி."

கரண்டி அப்படியே நின்றது. பிறகு கப்பைப் பேத்தி பக்கம் நகர்த்தினார். "எனக்குப் பல்லுக் கூசறாப்புல இருக்குது. நீ தின்னு கண்ணு."

பேத்தி அதையும் தின்றாள். கேட்டு இன்னொரு கோனும் வாங்கிக்கொண்டாள். சுப்பாத்தாள் முகத்தில் கோபமோ சுளிப்போ இல்லை. உங்கம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குது என்று விசாரித்தார். போகும்போது, "இத நம்மூர்லயே ஒண்ணு போட்டா என்னவாமா? கொழந்தைகளக் கூட்டிக்கிட்டு இத்தன தூரம் வரோணுமா?" என்றார். பணத்தை மேசை மேல் வைத்தார். மீதியை நானும் மேசை மேலேயே வைத்தேன்.

வலித்தது. முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் வலிக்காது என்று நினைத்திருந்தேன், வலித்தது. அறுபத்தைந்து வயது சுப்பாத்தாளுக்குப் பல் நிஜமாகவே கூசியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது எது என்று நான் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ளப் போவதில்லை, அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது. அப்படி முகத்துக்கு நேராக ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் சத்துணவில் சேர்ந்தபோதும் இப்படித்தான். ஆர்டரில் என் பெயர் வந்த மறுநாளிலிருந்து பதினொரு பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்தார்கள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். நான் அழுததை இவர் பார்த்தார். முட்டை போடுகிற நாளில் முதலில் நாலு பேர் தட்டோடு வரிசைக்கு வந்தார்கள். காலாண்டுப் பரீட்சைக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒரே ஒரு பையனைத் தவிர. அவன் அஞ்சாவது முடிக்கும் வரைக்கும் போசியோடுதான் வந்தான். அந்த ஒருத்தனை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் அடுப்புப் பற்ற வைத்தது மற்றவர்களுக்காக.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போதுதான் பதினான்காவது கேள்வி எனக்குப் புரிந்தது. நீலப் போர்டு, தொப்பி, காந்திபுரத்துக் கூட்டம் எல்லாம் இருந்தும் சுப்பாத்தாளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. இவர் எதற்காகச் சொந்தப் பெயரில் கடை வேண்டாம் என்கிறார், எதற்காகக் காந்திபுரம் என்று எழுதினார், போட்டோ என்றதும் ஏன் சோறு இறங்கவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு கப் ஐஸ்கிரீமில் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே கேட்டேன். "ஏனுங்க, நம்மூர்ல போட்டா யாரும் வர மாட்டாங்கன்னுதான காந்திபுரம்னு எழுதுனீங்க?"

அவர் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "நீயே சொல்லு. திங்கற பொருளு. மருதாசலம் ஐஸ்கிரீம்னு மதுக்கரைல போர்டு மாட்டுனா எத்தன பேரு உள்ள வருவாங்க? எங்கப்பன் டீக்கடைக்கு வெளிய நின்னு தனிக் கிளாஸ்ல குடிச்சதப் பாத்தவன் நான். கழுவி வெச்சுட்டு வேற வரோணும். கம்பெனி போர்டு இருந்தா யாரு எவருன்னு கேக்க மாட்டாங்க. காந்திபுரத்துல யாருக்கு யாரத் தெரியும்? நாம பாட்டுக்கு உள்ள இருந்துக்கலாம்."

சுப்பாத்தாள் வந்ததைச் சொன்னேன். கப்பை நகர்த்தியதையும் சொன்னேன். அவர் முகம் எப்படிப் போனது என்றால், அந்தக் கப்பை அவருக்கு முன்னாலிருந்தே எடுத்த மாதிரி இருந்தது.

"பாத்தியா? அதுக்குத்தான் சொல்றேன்."

"எதுக்குச் சொல்றீங்க? அங்க போயி ஒளிஞ்சும் கண்டுபிடிச்சுட்டாங்களே! அத்தன வாடகை குடுத்து ஒளியறதுக்குத்தான் இருபத்திரெண்டு வருசம் சிமெண்டுத் தூசியத் தின்னீங்களா? அந்தப் பேத்தி ரெண்டு கோன் தின்னாளே, அத ஏன் கணக்குல சேக்க மாட்டீங்கறீங்க? போட்டா மதுக்கரைல போடறோம், போட்டோ மாட்டிப் போடறோம். இல்லீனா நான் கையெழுத்துப் போடல. பேரு எம் பேருதான!"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் ரேடியோவை மூட்டை கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். பத்து நாள் பயிற்சியும் முடிந்துவிட்டது. வைகாசி பிறந்து, கலீல் ரஹ்மான் மறுபடி வரச் சொன்ன தேதியும் நெருங்கியது. நான் தனியாகவே போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம், சட்டப்படி ஆள் நான்தானே. ஆனால் பணம் அவர் நெஞ்சுக்கூட்டில் இழுத்த தூசி. அதை அவர் பயந்துகொண்டிருக்கும்போது எடுத்துக் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இவர் மனசு மாறாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பழையபடி சாம்பார் வாளி.

தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ரேஷன் கடை வரிசையில் ஜோசியர் அழகிரிசாமி எனக்கு முன்னால் நின்றிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில், "இவருக்கு அந்த ஏழரைச் சனி என்னைக்குங்க முடியுது?" என்று கேட்டேன்.

"மருதாசலத்துக்கா? அது முடிஞ்சு ரெண்டு வருசமாச்சே அம்மிணி. நெம்ப நல்ல நேரமல்ல இப்ப நடக்குது. அவரு என்னையப் பாக்க வந்தும் ரெண்டு வருசம் இருக்குமே. ஏன், ஏதாச்சும் காரியமா?"

ஒன்றுமில்லைங்க என்றேன். சர்க்கரை வாங்க மறந்து அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தேன். முதலில் காது இரண்டும் சூடாகிவிட்டது. பதினெட்டு வருடத்தில் என்னிடம் பொய் சொல்லாத மனிதர். போய் அந்தப் பையை அவர் காலடியில் போட்டு, சனி எங்கே ஐயா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சந்து திரும்புவதற்குள் கோபம் இறங்கிவிட்டது, அழுகைதான் வந்தது. ஒரு தாளில் தன் பெயரை எழுதக்கூட அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை. முதலில் என் பெயருக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். பிறகு கம்பெனி போர்டுக்குப் பின்னால். அதுவும் போதாமல் காந்திபுரத்துக் கூட்டத்துக்குப் பின்னால். பாக்டரியில் மூவாயிரம் மூட்டை போகிற மிசினை ஒற்றை ஆளாக நிறுத்தி ஓட்டிய மனிதர். நான் வீட்டுக்குப் போய் ஒன்றும் கேட்கவில்லை. என் சுபாவத்துக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறு கிடையாது.

தேதியன்று காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன்" என்றார். ஒன்பது நாளைக்கு அப்புறம் பேசின முதல் வார்த்தை. லாட்ஜுக்குப் போனதும் கீழே நிற்பார் என்று நினைத்தேன், கூடவே மாடி ஏறினார். 'விண்ணப்பதாரர் மட்டும்' என்று கதவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கலீல் ரஹ்மான் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். "வெள்ளியங்கிரி கடையில உங்களப் பத்தி நல்லாவே சொன்னாங்க. சரி, பதினாலாவது கேள்வி. எங்க பேரு உங்களுக்கு எதுக்கு?"

"மொதல்ல ஒளிஞ்சுக்கறதுக்குன்னு நெனச்சமுங்க" என்றேன். பக்கத்து நாற்காலி லேசாக அசைந்தது. "ஒளியறதுக்கு அது ஒதவாதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. உங்க பாலு நல்லாருக்குது, பொட்டி நல்லாருக்குது, கெட்டுப்போனாக் கொட்டறதுக்கு ஒரு சட்டம் வெச்சிருக்கறீங்க. அதெல்லாம் எங்களுக்கு இன்னும் தெரியாது, கத்துக்கோணும். அதுக்கு வேணுமுங்க. ஆளுக வர்றதும் வராததும் எங்களப் பாத்துத்தானுங்க. அத உங்க போர்டு ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

கலீல் ரஹ்மான் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. "ஒளியறதுன்னா எதுக்குன்னு நான் கேக்கல. எனக்கும் இந்த ஊர்ல வீடு பார்த்த அனுபவம் இருக்கு" என்றார். விண்ணப்பத்தை மேசையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "இடம் காந்திபுரம்னு இருக்கு. அப்படியே இருக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ள வேண்டிய இடம் அதுதான் என்று நினைத்தேன். மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் தொண்டையைச் செருமினார். பாக்டரிக்காரர்களுக்கு உள்ள செருமல், அறையே திரும்பிப் பார்க்கும்.

"மதுக்கரை மார்க்கெட் ரோட்டுல பாலுசாமின்னு ஒருத்தருங்க. அவருக்கு நாலு கடை வரிசையா இருக்குது, ஒண்ணு காலி. நேத்துப் போயி, நான் மருதாசலம், காலனியில இருந்து வாரேன், ஐஸ்கிரீம் கடை வைக்கோணும், வாடகைக்குக் குடுப்பீங்களான்னு கேட்டேனுங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன். என்னிடம் சொல்லவே இல்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் கலீல் ரஹ்மான்.

"யோசிச்சுச் சொல்றேன்னாருங்க."

கலீல் ரஹ்மான் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அவர் இல்லேன்னு சொன்னா?"

"அவரு எத்தன நாளு வேணும்னாலும் யோசிக்கட்டுமுங்க. அவரு இல்லீனா அந்த ரோட்டுல இன்னும் பத்துக் கட்டடம் இருக்குது, கேக்கறேனுங்க. நாங்க யோசிச்சு முடிச்சுட்டமுங்க."

பிறகு மேசை மேலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். காந்திபுரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் மதுக்கரை என்று எழுதினார். அவர் எழுத்து எப்போதும் பெரிது பெரிதாக, மூட்டையில் மார்க் போடுகிற மாதிரி இருக்கும். "ரெண்டு பேரு பேரும் போடலாமுங்களா?" என்று கேட்டார். கலீல் ரஹ்மான் தலையசைத்தார். என் பெயருக்குக் கீழே கு. மருதாசலம் என்று எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை உடனே கொடுக்கவில்லை. எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே அவர் முழங்காலில் என் கையை வைத்தேன்.

மாடியிறங்கி ரோட்டுக்கு வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் நான் பொற்கொடி இல்லை.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல சனி இருக்குதே. பேரப் போட்டுட்டீங்களே, ஏதாச்சும் ஆயிறாதுங்களா?"

அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். தெரிந்துகொண்டாளோ என்று ஒரு நொடி தேடினார். நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டேன்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "கடைல ஒரு ஓரமா உக்காரட்டும். அதுக்கும் ஒரு கோன் குடுத்தறலாம்."

பஸ் வந்தது. கூட்டம். இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் வந்தோம். குனியமுத்தூர் தாண்டியதும், போட்டோ எடுக்க எந்த ஸ்டுடியோவுக்குப் போவது, நீ அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொள், நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிறேன் என்று பேச ஆரம்பித்தார். மதுக்கரையில் இறங்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.